சத்தம் போடாத மிஷின்

பூலாம்பாடியில் வேல்முருகனுக்கு மோட்டார் வைண்டிங் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் என்று எது எரிந்துபோனாலும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேட்பான். பேரிங் தேய்ந்திருக்கிறதா, ஷாஃப்ட் கோணியிருக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அநேகமாக அது தப்பாது.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு செங்கல்லை அவனே பெயர்த்து எடுத்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி வெற்றிச்செல்வியின் கட்டில் கிடந்தது. கட்டிலுக்குக் கீழே அவளுடைய மூச்சு மிஷின். புஸ் என்று காற்றைத் தள்ளும், டக் என்று வால்வு விழும். புஸ், டக். புஸ், டக். மோட்டாரின் ஸ்டேட்டர் கூட்டில் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போதும் டீ குடிக்கும்போதும் அந்தச் சத்தம் ஓட்டை வழியாக வந்துகொண்டேயிருக்கும். மாஸ்க் கொஞ்சம் விலகினாலும் கூடவே சின்ன விசில் ஒன்று கேட்கும். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பட்டையை இழுத்துவிட்டு வருவான்.

வெற்றிச்செல்விக்குத் தசை நோய். கல்யாணமான நாலாம் வருஷம், படியேறும்போது கால் மடங்கத் தொடங்கியது. பிறகு தோள், பிறகு கை. நெஞ்சுத் தசையும் தளர்ந்துபோய், தானாக இழுக்கும் மூச்சு உடம்புக்குப் போதாமல் ஆனபோது திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த மிஷினைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருஷம் தூங்கும்போது மட்டும். அடுத்த நாலு வருஷம் பகலிலும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க், தலையைச் சுற்றி நாலு பட்டை. குழந்தை இல்லை. காலையில் சின்னம்மாள் என்கிற பக்கத்துத் தெருப் பெண் வந்து குளிப்பாட்டி, சேலை மாற்றிவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் வேல்முருகன்தான்.

மாஸ்க் பகலுக்கும் வருவதற்கு முன்னால் கடையின் பாதி அவள்தான். போர்டில் எழுதியிருந்தது அவளுடைய நம்பர். விரல்கள் மட்டும் நன்றாக வேலை செய்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "கெணத்துல தண்ணி வத்துனப்புறமும் மோட்டார ஓட விட்டீங்களா இல்லியா? உண்மையச் சொல்லுங்க, நான் ஒண்ணும் அடிச்சிர மாட்டேன்" என்று விசாரிப்பாள். எதிர்முனையில் எப்பேர்ப்பட்ட ஆளும் ஒப்புக்கொண்டுவிடுவான். மாஸ்க் முழுநேரம் ஆனபிறகு அவள் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மிஷின் காற்றைத் தள்ளும். பேச்சு அறுந்துபோகும். "அலோ, அலோ" என்று கத்திப்பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருநாள் கடை போனை அவனிடமே கொடுத்துவிட்டு, மெசேஜ் அனுப்ப மட்டும் வேறொரு போனை வைத்துக்கொண்டாள்.

புது மிஷினைக் கொண்டுவந்தவள் கவியா. உடையார்பாளையத்துப் பெண். அப்பாவுக்கு முந்திரித் தோப்பு. அவள் திருச்சியில் எட்டே பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஜினியர். மூச்சு மிஷின் ஒன்றைப் புதிதாக வடிவமைத்து, ஆஸ்பத்திரி அனுமதியோடு மூன்று வீடுகளில் மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்றும், டாக்டர்தான் வெற்றிச்செல்வியின் பேரைச் சொன்னார் என்றும் விளக்கினாள். தமிழில் அச்சடித்த தாள்களைப் பொறுமையாகப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பழைய மிஷின் அங்கேயே இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

மிஷின் ஒரு சின்ன ஹாட்பாக்ஸ் அளவுதான் இருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கிற கம்பி ஒன்றைக் கட்டில் சட்டத்தில் கிளாம்ப் போட்டு மாட்டி, குழாயை அதன்மேல் ஓட்டி, அவள் உதட்டுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தினாள் கவியா. நுனியில் இளநீர் ஸ்ட்ரா மாதிரி ஒரு வாய்க்குழல்.

"அக்கா, தூங்கறப்ப மட்டும் இதுலயே மாஸ்க மாட்டிக்குங்க. பகல்ல இந்தக் குழல். மூச்சு வேணுங்கறப்ப ஒதட்ட வச்சு லேசா உறிஞ்சுங்க. அது புரிஞ்சுகிட்டு ஒரு முழு மூச்சுக் குடுக்கும். வேணாமா, விட்டுடுங்க. பேசறப்ப அது குறுக்க வராது."

வெற்றிச்செல்வி குழலைக் கவ்வி உறிஞ்சினாள். நெஞ்சு உயர்ந்தது. குழலை விட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கணவனைப் பார்த்துச் சொன்னாள்:

"நாலு வருஷமா கொழம்புல புளிய அள்ளி அள்ளிக் கொட்டுறீங்க. சொல்லணும் சொல்லணும்னு நெனப்பேன். இதுக்குப் போயி எதுக்கு மூச்சச் செலவழிக்கணும்னு விட்டுட்டேன்."

கவியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேல்முருகனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, தான் என்ன கேட்டோம் என்பது உறைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டான். அவ்வளவு நீளமாக அவள் ஒரே மூச்சில் பேசி நாலு வருஷம் ஆகிறது.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவன், மிஷினைக் கொஞ்சநேரம் பார்த்தபடி நின்றான்.

"இது ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

குனிந்து காதை மிஷின்மேல் வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை.

"அதுக்குத்தாண்ணா ரெண்டு வருஷம் மண்டைய ஒடச்சுகிட்டோம்" என்றாள் கவியா பெருமையாக. "உள்ள இருக்கற ஃபேனே புது டிசைன். ராத்திரி பக்கத்துல படுத்திருக்கறவங்க தூக்கம் கெடாது."

அவள் போனபிறகு வேல்முருகன் கடையில் போய் உட்கார்ந்தான். ஓட்டை வழியாக ஒன்றும் வரவில்லை. தெருவில் போகிற பஸ்ஸின் ஹாரன், எதிர்க் கடையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் எல்லாம் கேட்டன. கம்பி சுற்றும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவது அவன் வழக்கம். இருபத்தெட்டு வரை வந்ததும், உள்ளே ஏன் சத்தமில்லை என்று உடம்பு தானாக எழுந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் வெற்றிச்செல்வி போனில் தன் பெரியம்மா மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தான். எண்ணிக்கை மறந்துபோயிருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

அன்றைக்கு மட்டும் அப்படி இருபது தடவை. மறுநாளும் அதே கதை. நாலாம் நாள் அவள் கேட்டேவிட்டாள்.

"என்னங்க, செத்துட்டனா இருக்கனான்னு பாத்துட்டுப் போறீங்களா?"

"சும்மா தண்ணி குடிக்க வந்தேன்."

"காலையிலேருந்து ஒம்போது தடவ தண்ணி குடிச்சிருக்கீங்க."

அவளுக்கோ அந்த நாட்கள் திருவிழாவாக இருந்தன. பேசித் தீரவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டாள், அரியலூரிலிருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போட்டாள். கடைக்கு வரும் போனையும் மறுபடி அவளே எடுத்துப் பேசினாள். காலையில் சின்னம்மாள் ஊர்க்கதை சொல்லும்போது இதுவரை கண்ணால் மட்டும் பதில் சொன்னவள், இப்போது மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டாள். பேச்சுக்கு நடுவே ஒரு இழுப்பு, மறுபடி பேச்சு. பீடி குடிக்கிற ஆள் மாதிரி இருக்கிறது என்று சின்னம்மாள் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் பகல் பதினொரு மணிக்கு வேல்முருகன் வாசலில் கிரைண்டர் போட்டு ஒரு பழைய மோட்டாரின் இறுகிப்போன போல்ட்டை அறுத்துக்கொண்டிருந்தான். தீப்பொறி பறந்தது. அறுத்து முடித்துக் கிரைண்டரை நிறுத்தியபோதுதான் உள்ளேயிருந்து மெலிதான பீப் சத்தம் கேட்டது. ஓடினான்.

கிளாம்ப் தளர்ந்து, வளைகம்பி மெல்ல மெல்லச் சாய்ந்து, வாய்க்குழல் அவள் தோளுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வெற்றிச்செல்வி கண்ணை மூடி, தனக்கு மிச்சமிருக்கிற சின்னச் சின்ன மூச்சை அவசரப்படாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. குழலை எடுத்து வாயில் வைத்தான். ஏழெட்டு மூச்சு இழுத்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"கிளாம்ப் லூசு" என்றாள் முதலில். அப்புறம், "பதறாதீங்க. கால் மணி நேரம் என்னால தாக்குப்பிடிக்க முடியும்."

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய மிஷினை இழுத்தான். சுவிட்சைப் போட்டான். மாஸ்க்கை எடுத்து அவள் முகத்தை நோக்கிக் கொண்டுபோனான்.

"வேணாம்ங்க."

"செல்வி, சொன்னாக் கேளு."

"கிளாம்ப சரி பண்ணுங்க. மிஷின் என்ன பண்ணுச்சு? ரெண்டு நிமிசத்துல கத்துச்சு. உங்களுக்குத்தான் காதுல விழல."

"அதத்தான் நானும் சொல்றேன். எனக்குக் காதுல விழாத மிஷின் இந்த வூட்டுல வேணாம்!"

"நான் பேசறது காதுல விழுதா?"

நாலு வருஷத்தில் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. ஊரில் அதைப் பெருமையாகக்கூடச் சொல்வார்கள். இப்போது அவள் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு ஒரு வாக்கியம், இன்னொரு இழுப்புக்கு இன்னொரு வாக்கியம் என்று போட்டுத் தாக்கினாள். அவன் கோபத்தில் மாஸ்க்கை அவள் முகத்தில் வைத்துப் பட்டைகளை மாட்டிவிட்டான். அவளால் கையைத் தூக்கித் தடுக்க முடியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

புஸ், டக்.

அன்றைக்கு மீதி நாள் முழுவதும் வேலை நன்றாக ஓடியது. ஒரு தடவைகூட எண்ணிக்கை தவறவில்லை. இரண்டு மோட்டாரை முடித்து வார்னிஷ் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டான். நாலு மணி வாக்கில் ஒரு விவசாயி போன் செய்து, "அக்கா இல்லியா? நேத்து அவுங்களே பேசுனாங்களே" என்று கேட்டார். "இல்லீங்க, என்கிட்டச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்தான். வைத்த கையோடு போனில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெற்றிச்செல்வி அனுப்பியிருந்தாள்.

'மிஷின் நல்லா இருக்கு. நான் நல்லா இல்லை.'

அதைப் படித்துவிட்டு, ஓட்டை வழியாக வரும் சத்தத்தைக் கேட்டான். எந்தப் பிசகும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் அழுகிறாளா, கோபமாக இருக்கிறாளா, தூங்கிவிட்டாளா, எதையும் அந்தச் சத்தம் சொல்லவில்லை. ஆறு வருஷமாகவே சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குப் பட்டது.

உள்ளே போய் மாஸ்க்கைக் கழற்றினான். பழைய இரும்புச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு ஸ்ப்ரிங் வாஷரும் இரட்டை நட்டும் எடுத்துவந்து கிளாம்பில் போட்டு முறுக்கினான். முழு பலத்தையும் கொடுத்துத் தொங்கிப்பார்த்தான். அசையவில்லை. குழலை அவள் உதட்டருகே வைத்தான். அவள் உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

"தூக்க முடிஞ்ச கையா இருந்தா தடுத்திருப்பேன். எனக்குக் கையும் இல்ல" என்றாள் மெதுவாக, தன் சொந்த மூச்சிலேயே.

"தப்புதான்."

"இனிமே செய்வீங்களா?"

"மாட்டேன்."

அதற்குப் பிறகுதான் குழலைக் கவ்வினாள். இரவுச் சாப்பாட்டுக்குக் குழம்பில் பாதிப் புளிதான் போட்டான். அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

கவியாவுக்கு அவனே போன் செய்தான். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிட்டாள். கிளாம்ப் நழுவியதைக் கேட்டு முகம் வாடிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். அவன் போட்டிருந்த இரட்டை நட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். "மோட்டார்னா அதிர்வு இருக்கும், நட்டு கழலும்னு எங்களுக்குப் பழக்கம். மிஷினுல அதிர்வு இல்லன்னு நீங்க அத யோசிக்கல. ஆனா அவ தலையச் சாச்சுச் சாச்சுக் குழல எடுக்குறா பாருங்க, ஒரு நாளைக்கி ஆயிரம் தடவ. அதுவும் அதிர்வுதான்" என்று வேல்முருகன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அப்புறம் அவன் சத்தத்தைப் பற்றிப் பேசினான்.

"போன்ல ஒரு ஆப் இருக்குண்ணா. மூச்சு வர்றது போறது எல்லாம் கோடா ஓடும். கடையிலேருந்தே பாத்துக்கலாம்."

"என் கையப் பாரு." இரண்டு கையிலும் வார்னிஷ் பிசுபிசுத்தது. "கண்ணு கம்பியில இருக்கணும். காது ஒண்ணுதாம்மா எனக்கு மிச்சம். அத நீ புடுங்கிகிட்ட."

கவியா அன்று மத்தியானம் வரை கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவன் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எத்தனை தடவை எழுந்து உள்ளே போனான் என்று கோடு போட்டுக் குறித்தாள். பஸ் ஏறும்போது, "எல்லா எடத்துலயும் போயி சத்தம் வேணுமா வேணாமான்னு கேட்டோம்ணா. ஆஸ்பத்திரியில கேட்டோம். டாக்டர்கிட்டக் கேட்டோம். வேணவே வேணாம்னாங்க. வூட்டுல யாரையும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டியோடு வந்தாள். கடைச் சுவரில் ஆணியில் மாட்டினாள். உள்ளே வெற்றிச்செல்வி ஒரு மூச்சு இழுத்ததும், பெட்டி டொக் என்று ஒரு சின்னச் சத்தம் போட்டது. கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. இன்னொரு டொக். பிறகு அடுத்தடுத்து மூன்று.

"இப்பச் சின்னம்மாள்கிட்டப் பேசிகிட்டிருக்கா" என்றான் வேல்முருகன்.

போய்ப் பார்த்தாள் கவியா. வெற்றிச்செல்வி பேசிக்கொண்டுதான் இருந்தாள். வேல்முருகன் முகத்தில் மூன்று வாரமாக இல்லாத தெளிவு வந்திருந்தது. பழைய சத்தம் மிஷின் போட்ட தாளம். இது அவள் போடுவது. பேப்பர் படித்தால் நிதானம், கோபம் வந்தால் வேகம். இரண்டே நாளில் அவனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் அத்துப்படி ஆகிவிட்டது. கவியாவுக்குப் போன் போட்டு, "ஒனக்குக் கோயில் கட்டலாம் தாயீ" என்றான்.

மூன்றாம் நாள் வெற்றிச்செல்வி அவனைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொட்டியக் கழட்டுங்க."

"ஏன்?"

"காலையில மோட்டார் எடுக்க வந்தவரு, 'ஒங்க சம்சாரம் இப்ப வெறசா மூச்சு வுடுறாங்களே, என்ன விசயம்'னு கேட்டாரு. எனக்கு இங்க காதுல விழுந்துச்சு. நீங்க என்ன சொன்னீங்க?"

"யார்கிட்டயோ போன்ல சத்தம் போடுறான்னேன்."

"என் மூச்சு என்ன ரேடியோவா? தெருவுல போறவன் வர்றவனெல்லாம் கேக்கறதுக்கு? ஒங்களக் கேட்டுப் பொட்டி செஞ்சா அந்தப் புள்ள. ஒங்களுக்குக் காது குளுந்துச்சு. என்ன யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். இதை அவன் யோசிக்கவேயில்லை.

"அப்ப நான் என்னதான் செய்யட்டும், நீயே சொல்லு" என்றான். கோபமில்லாமல்தான் கேட்டான்.

அவள் மூன்று நான்கு மூச்சு இழுத்தாள். ஏற்கெனவே முடிவுசெய்து வைத்திருந்ததுபோல் சொன்னாள்.

"பழைய மிஷினு செவுத்து பிளக்கோட கட்டுன மாடு. நானும் அதோட கட்டிக் கெடந்தேன். இது பேட்டரியில எட்டு மணி நேரம் ஓடுதுல்ல? என்னக் கொண்டுபோயி கடையில உக்கார வைங்க. நீங்க வந்து பாக்கவும் வேணாம், பொட்டி அடிக்கவும் வேணாம்."

"கடையில வார்னிஷ் பொகை. ஒனக்கு ஆவாது."

"பொகைய வெளிய அனுப்புங்க. என்ன ஏன் உள்ள வைக்கிறீங்க?"

அதற்கு ஒரு வாரம் பிடித்தது. வார்னிஷ் அடுப்பையும் கிரைண்டரையும் கொல்லைப்புறத்துக்கு மாற்றி மேலே தகரம் போட்டான். கடையைக் கழுவி, தெருப்பக்கம் ஒரு ஜன்னலை அகலப்படுத்தினான். டாக்டரிடம் போனில் கேட்டபோது, புகையும் தூசியும் வராமல் பார்த்துக்கொண்டால் சரி என்றார். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் வளைகம்பி, முதுகுப்புறத்தில் ஒரு பையில் மிஷின். முதல் நாள் சின்னம்மாள் அவளுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். "கல்யாணமா பண்ணிவைக்கப் போற?" என்று வெற்றிச்செல்வி சத்தம் போட்டாலும், சேலையை மாற்றச் சொல்லவில்லை.

கவியா வந்தபோது தன் பெட்டி ஆணியில் இல்லாததைப் பார்த்தாள். வெற்றிச்செல்வி நடந்ததைச் சொன்னாள். கவியாவுக்கு முதலில் வருத்தம்தான். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவையாக அவளிடம் மட்டுமே ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். கடைசியில், "பெட்டிக்கு ஒரு சுவிட்ச் வச்சு, அது உங்க வெரலுக்குப் பக்கத்துல இருந்தா? எப்பக் கேக்கணும், எப்பக் கேக்கக் கூடாதுங்கறது உங்க முடிவு. ஆபத்துன்னா மட்டும் அதுவே கத்தும்" என்றாள்.

"எனக்குத் தேவப்படல. ஆனா தேவப்படறவங்க இருப்பாங்க. செய்யி."

செய்தாள். அரியலூரில் சிந்தாமணி என்கிற ஒரு அம்மா, படுக்கையில் இருக்கும் கணவரைப் பார்த்துக்கொண்டே வாசலில் இட்லிக் கடை நடத்துகிறவர். மூன்று வீட்டில் அதுவும் ஒன்று. பெட்டி அங்கே போயிற்று. அந்தக் கணவர், மனைவி இட்லிக்கு மாவு ஊற்றும் நேரத்தில் மட்டும் சுவிட்சைப் போடுகிறாராம், வாடிக்கைக்காரர்கள் வந்ததும் அணைத்துவிடுகிறாராம் என்று கவியா வந்து சொன்னபோது, வெற்றிச்செல்வி, "வெவரமான மனுசன்" என்றாள். மூன்று மாதம் முடிந்தபிறகும், மாற்றங்களோடு மிஷின் முறையாக வெளிவரும் வரை மூன்று வீட்டிலும் இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தார்கள்.

தை கடைசியில் பாவாடை வந்தார். ரஞ்சன்குடிப் பக்கத்து விவசாயி, அறுபது வயது, வாய்க்குப் பயப்படாதவர். ஒரே மோட்டாரை இரண்டு மாதத்தில் மூன்றாம் தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னம்மா வைண்டிங் பண்றான் ஒன் புருசன்? பொட்டப்பய வேல."

வெற்றிச்செல்வி ஒரு இழுப்பு இழுத்தாள். "வேலையக் கொற சொல்லாதீங்க. தண்ணி இல்லாத கெணத்துல மோட்டார ஓட விட்டா எவன் கட்டுனாலும் எரியும்."

"என் கெணத்துல தண்ணி இல்லியா? யாரு சொன்னா?"

"பத்து வருசத்துக்குமேல போன்ல கேட்டவ நான். ஒங்க ஊரு கெணறு எல்லாம் எனக்குத் தெரியும்."

"கேட்டிருக்க. பாத்திருக்கியா? வந்து பாரு!"

பேச்சுக்குச் சொன்னார். வெற்றிச்செல்வி கணவன் பக்கம் திரும்பினாள். "எப்பப் போலாம்?"

ரோடு சரியில்லை, வெயில், வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று வேல்முருகனுக்கு வாய்வரை வந்தது. எதையும் சொல்லாமல், "ஞாயித்துக்கெழம" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பே லோடு ஆட்டோவில் சக்கர நாற்காலியை ஏற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினான். வைண்டிங் முடிந்த மோட்டார் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மிஷினும், மாற்று பேட்டரியும், கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பையும் தனியாக ஒரு கூடையில். பெரிய ரோட்டில் ஏறியதும் வெற்றிச்செல்வி பேசுவதை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள். மக்காச்சோளம் அறுத்த காடுகள், சின்ன வெங்காயத்தை மூட்டை பிடிக்கும் பெண்கள், தூரத்தில் கோட்டைச் சுவர். காற்று முகத்தில் அடித்ததில் முதலில் குழலைப் பிடிக்கத் திணறினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் வருகிறது என்று அவளே கண்டுகொண்டாள்.

பாவாடையின் கிணறு வரப்பை ஒட்டி இருந்தது. நாற்காலியை வேல்முருகனும் பாவாடையும் தூக்கிவந்து கிணற்று மேட்டில் வைத்தார்கள். அவள் எட்டிப் பார்த்தாள். பாதிக் கிணற்றுக்குமேல் தண்ணீர். பச்சையாக, அசையாமல் கிடந்தது.

"இப்பச் சொல்லு" என்றார் பாவாடை.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள். "தோத்துட்டேன் பெரீப்பா. தண்ணி கெடக்கு."

அப்படியானால் வேறெங்கே கோளாறு என்று வேல்முருகன் தேடத் தொடங்கினான். மோட்டார் கொட்டகை, ஸ்டார்டர், மெயின் பெட்டி. கடைசியில் கம்பத்திலிருந்து வரும் கேபிளில், புளியமரத்துக்குக் கீழே எவனோ போட்டிருந்த ஒரு ஜாயிண்ட் பச்சைக் களிம்பு பூத்து, டேப்புக்குள்ளேயே கருகிக்கிடப்பதைக் கண்டான். மூன்று கம்பியில் ஒன்று சரியாக ஒட்டவேயில்லை. அதுதான் மோட்டாரை மூன்று தடவை எரித்திருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு, கேபிளை வெட்டி, சீவி, முறுக்கி, புதிதாகக் கட்டினான். மோட்டாரை இறக்கி மாட்டினான். பாவாடை பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டேயிருந்தார்.

வேலை முடிந்து ஸ்டார்டரைப் போட்டதும் குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு தண்ணீர் கொட்டியது. வேல்முருகன் கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், வந்து முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆகிவிட்டது என்றும், அவ்வளவு நேரமும் கிணற்று மேட்டுப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் நினைவு வந்தது.

திரும்பினான். வெற்றிச்செல்வி பாவாடையின் மருமகளோடு பேசிக்கொண்டிருந்தாள். மடியில் அந்தப் பெண் கொடுத்த இரண்டு கொத்து வெங்காயம். குழலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அவனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்:

"இங்கியே சாப்ட்டுட்டுப் போவச் சொல்றாங்க. என்னங்க, இருக்கலாமா?"

"இருக்கலாம்" என்றான் வேல்முருகன்.